விடுதலைப் போராட்டம் நம் ஜனநாயகத்துக்கு விட்டுப்போனது என்ன? சென்னை மாகாணத்தை வைத்துப் பேசுவோம்

பழைய கெஜட்

உச்ச நீதிமன்றம் தொடங்கி ஒன்றேகால் வருஷத்துக்குள் வந்த பெரிய அரசியல் சட்டத் தீர்ப்புகளில் மூன்றின் பெயரைப் பாருங்கள். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை அரசு. ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை அரசு. சென்னை அரசு எதிர் செண்பகம் துரைராஜன். முதலாவது, விசாரணை இல்லாமல் ஒருவரை உள்ளே வைக்கலாமா என்பது. இரண்டாவது, ஒரு பத்திரிகையை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுக்கலாமா என்பது. மூன்றாவது வகுப்புவாரி ஒதுக்கீடு. மூன்றிலும் அரசுத் தரப்பில் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போய்வந்த கட்சி.

கோபாலன் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் சிறை போனவர். குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைக்குத் தலைவர். பிறகு கம்யூனிஸ்ட். 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் இருந்த இடம் கண்ணூர் சிறை. அந்த வருஷமே வெளியே வந்தார், வருஷம் முடிவதற்குள் மறுபடி உள்ளே. 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, மார்ச் 1-ல் அவர் கையில் புது ஆணை கொடுக்கப்பட்டது. மே மாதம் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. காவலில் வைத்ததற்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்ற 14-வது பிரிவை மட்டும் வெட்டியது. 1952-ல் அதே கோபாலன் கண்ணூரில் ஜெயித்து மக்களவைக்குப் போனார், எதிர்க்கட்சி வரிசையின் முன்னணியில் உட்கார்ந்தார்.

ஒரே மனிதரை விசாரணை இல்லாமல் அடைத்ததும், ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பியதும் இரண்டே வருஷ இடைவெளியில், ஒரே இயக்கத்தின் வாரிசுகள் கட்டிய அமைப்புதான். பாடப்புத்தகம் இரண்டாவதை மட்டும் சொல்கிறது. நான் முதலாவதையும் அதே கணக்கில் எழுதச் சொல்கிறேன். உங்கள் கருத்து?

மணல்மேடு

கெஜட் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே எடையா?

தடுப்புக் காவல் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். ரௌலட் சட்டம் 1919. அவனிடம் இல்லாத ஒன்றை இந்த இயக்கம் கொண்டுவந்தது, அதுதான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1935 சட்டத்தில் சொத்து, வரி, படிப்பு இருந்தவருக்குத்தான் வாக்கு. மோதிலால் நேரு அறிக்கை 1928-லேயே அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது. பகத் சிங்கைத் தூக்கிலிட்ட சில நாட்களில், 1931 மார்ச் கடைசியில், கராச்சியில் கூடிய காங்கிரஸ் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் அதையே மறுபடி சொன்னது. அதே பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக ஓட்டு கிடைத்தது 1928-ல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. அரசியல் சட்டம் எழுதி முடிவதற்கு முன்னாலேயே, 1948-ல், அரசியல் நிர்ணய சபையின் செயலகம் வரைவு வாக்காளர் பட்டியல் தயாரிக்கச் சொல்லி மாகாணங்களுக்கு உத்தரவு அனுப்பிவிட்டது. பிரிவினை அகதிகள் முகாமிலிருந்து முகாமுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களை எந்த ஊர்ப் பட்டியலில் சேர்ப்பது என்று கடிதத்துக்கு மேல் கடிதம்.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை தேர்தல். சுமார் 17.3 கோடி வாக்காளர்கள், பெரும்பான்மையோர் எழுத்தறியாதவர்கள். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். சீட்டில் குறி போடும் வேலையே கிடையாது, பிடித்த சின்னத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது. வட இந்தியாவில் பல பெண்கள் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றுதான் பேர் கொடுத்தார்கள். சொந்தப் பேர் சொல்லாவிட்டால் பட்டியலில் இடமில்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கறாராக நின்றார். சுமார் 28 லட்சம் பேர் விடுபட்டார்கள். கடுமைதான். ஆனால் ஓட்டு குடும்பத்துக்கு இல்லை, ஆளுக்கு என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

தடுப்புக் காவலைக் காட்டி இதைச் சின்னதாக்க வேண்டாம்.

வடமராட்சி

எங்கட பக்கத்துக் கதையையும் ஒருக்கா கேளுங்கோ. மணல்மேடு சொல்லுறதுக்கு அது ஒருவகையில் எதிர்க்கதை, இன்னொருவகையில் சாட்சி.

இலங்கைக்கு சர்வசன வாக்குரிமை 1931-லேயே வந்திட்டுது, பிரிட்டிஷ்காரர் அனுப்பின டொனமூர் ஆணைக்குழு தந்தது. உங்களுக்கு 20 வருஷம் முந்தி. கொழும்பில் குணசிங்கவின் தொழிற்சங்கக்காரர் கேட்டவை. பெரிய தலைவர்மார் கேட்கவே இல்லை. பொன்னம்பலம் இராமநாதன் வெளிப்படையாகவே எதிர்த்தார். பெரிய வெகுசனப் போராட்டம் எதுவும் நடக்காமல் வந்த உரிமை.

காந்தியைப் பார்த்துச் சூடேறினது யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரஸ்தான். 1927 நவம்பரில் அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைச்சவை. டொனமூர் தாறது பூரண சுயராச்சியம் இல்லை எண்டு 1931 தேர்தலையே பகிஷ்கரிச்சினம். வடக்கில் நாலு தொகுதியில் ஒருத்தரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. எங்கட பருத்தித்துறையும் அதில் ஒண்டு. 1934 மட்டும் அந்த நாலு கதிரையும் வெறுமை. அந்த இடைவெளியில் அரசியல் தெற்கில் வளர்ந்திட்டுது. அது சரியா பிழையா எண்டு வீட்டுக்கு வீடு இண்டைக்கும் சண்டை நடக்குது, இங்க அதைத் தொடக்க மாட்டன்.

நான் சொல்ல வந்தது 1948. சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம் பிரசாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரின் குடியுரிமை போச்சு. 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து வாக்கும் போச்சு. 1947-ல் தங்கட ஆக்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பின சனம் அது. நாடு குலுங்கவில்லை. தோட்டத்துத் தொழிலாளியையும் கொழும்பு வக்கீலையும் ஒரே ஊர்வலத்தில் நடக்க வைச்ச போராட்டம் எண்டு ஒண்டு அங்க நடந்திருக்கவில்லை. அப்ப ஆர் கேட்பினம்?

இந்தியாவில் ஓட்டு நிலைச்சதுக்கு அந்த ஊர்வலங்கள்தான் காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

செக்கடி

எங்க ஜில்லா கதை ஒண்ணு சொல்லுதேன். திருநெல்வேலி.

1908 மார்ச்சுல வ.உ.சி., சுப்பிரமணிய சிவாவைப் பிடிச்சதும் ஊரே பத்திக்கிச்சு. 13-ந்தேதி கலவரம், துப்பாக்கிச் சூடு. பின்ஹேன்னு ஒரு ஜட்ஜ். 124-ஏ ராஜதுரோகத்துக்கு ஒரு ஆயுள், சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்கு இன்னொரு ஆயுள், மொத்தம் 40 வருசம்னு தீட்டுனாரு. அப்பீல்ல குறைஞ்சுது. கோயம்புத்தூர் ஜெயில்ல மாட்டுக்குப் பதிலா செக்கு இழுத்தது எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு அந்தச் செக்கை நினைவுச் சின்னமா வச்சு மாலை போடுதாங்க.

அப்படியே நூறு வருசம் தள்ளி வாங்க. 2011, 2012. அதே ஜில்லா, கடலோரம் இடிந்தகரை. கூடங்குளம் அணு உலை வேண்டாம்னு சர்ச் முன்னால பந்தல் போட்டு உக்காந்த மீனவ சனம், பாதிக்கு மேல பொம்பளைங்க. அவங்க மேல போட்ட கேஸ்ல அதே 124-ஏ. பத்து பேரு இருபது பேரு இல்ல, ஆயிரக்கணக்குல. எஃப்.ஐ.ஆர்.ல நாலஞ்சு பேரு எழுதி, "மற்றும் பலர்"னு போட்டா முடிஞ்சுது. பாஸ்போர்ட்டுக்குப் போன பையனுக்கு அங்கன போய்த்தான் தெரியும், தானும் ராஜதுரோகின்னு.

செக்குக்கு மாலை, அதே செக்‌ஷனுக்குப் புது ஆளு. மணல்மேடு அண்ணே, ஓட்டுப் பெட்டி பெருமை எனக்கும் உண்டு. ஆனா இதைச் சின்ன விசயம்னு எப்படிச் சொல்லுதீய?

பழைய கெஜட்

செக்கடி சொன்னதற்கு ஒரு முன்கதை உண்டு. அரசியல் நிர்ணய சபை வரைவில், பேச்சுரிமைக்கு விதிவிலக்காக "ராஜதுரோகம்" என்ற சொல் இருந்தது. 1948 டிசம்பரில் கே.எம். முன்ஷி எழுந்து அதை நீக்கச் சொன்னார், சபையும் நீக்கியது. 1922-ல் ஆமதாபாத் நீதிமன்றத்தில் காந்திக்கு ஆறு வருஷம் கிடைத்தது இதே பிரிவில். திலகருக்கு இரண்டு தடவை தண்டனை. அந்தச் சபையில் அந்தப் பிரிவுக்கு நண்பர்கள் அதிகம் இல்லை.

அரசியல் சட்டத்திலிருந்து வார்த்தை போனது. தண்டனைச் சட்டத்தில் பிரிவு அப்படியே இருந்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் "பொது ஒழுங்கை"ச் சேர்த்தது. ரொமேஷ் தாப்பர் தீர்ப்பில் சென்னை அரசு தோற்றதுதான் அதற்கு ஒரு காரணம். செண்பகம் துரைராஜன் தீர்ப்புக்காக, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) வந்ததும் அதே திருத்தத்தில்தான், அதை இங்கே யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் திருத்தியது யார்? அனைவருக்கும் ஓட்டு என்ற தேர்தல் இன்னும் நடக்கவில்லை. தற்காலிக நாடாளுமன்றம்தான் கைவைத்தது. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 124-ஏ-வை, வன்முறையைத் தூண்டினால்தான் குற்றம் என்று சுருக்கி, செல்லும் என்றது. காவல் நிலையம் அந்தச் சுருக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. 2022 மேயில் நிறுத்திவைத்தார்கள். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 152 என்று வேறு வாசகத்தில் வந்திருக்கிறது.

குறுக்குக்கேள்வி

எல்லோரும் அரசாங்கத்தையே திட்டுகிறீர்கள். போராட்ட முறையைப் பற்றி யாராவது பேசுங்கள்.

1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரின் நிறைவுரை. சட்டப்படியான வழி இல்லாத காலத்தில் ஒத்துழையாமை, சட்ட மறுப்பு, சத்தியாகிரகம் எல்லாவற்றுக்கும் நியாயம் இருந்தது, இனி இல்லை, இவை அராஜகத்தின் இலக்கணம், சீக்கிரம் கைவிடுவது நல்லது என்றார். அதே உரையில் அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் கொண்டுபோகும் என்றும் எச்சரித்தார். இரண்டும் விடுதலை இயக்கம் ஊட்டி வளர்த்த பழக்கங்கள். இரண்டையும் நாம் விடவில்லை. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் மாநிலத்தில் இரண்டாவதற்கு உதாரணம் தேட வேண்டாம்.

முதலாவதற்கு 1959 கேரளாவைப் பாருங்கள். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஈ.எம்.எஸ்.-ஸின் கம்யூனிஸ்ட் அரசு. அதை இறக்க "விமோசன சமரம்" (விடுதலைப் போராட்டம்) என்று பேர் வைத்து மறியல், சிறை நிரப்புதல், எல்லாம் சத்தியாகிரக அச்சில். முன்னால் நின்றவர்களில் காங்கிரஸ்காரர்களும் உண்டு. ஜூலை 31-ல் டெல்லி அரசைக் கலைத்தது. அந்நியனை விரட்டக் கற்ற வித்தையை, பெரும்பான்மை பெற்ற எதிராளி மேல் பிரயோகித்தால் அதற்குப் பேர் ஜனநாயகமா?

சேப்பாக்கம் வெயில்

குறுக்குக்கேள்வி சார், அம்பேத்கர் சொன்ன வாக்கியத்தின் முதல் பாதியை விட்டுவிடாதீர்கள். சட்டப்படியான வழி திறந்திருக்கும்போது என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. வழி திறந்திருக்கிறதா என்று நடைபாதையில் நின்று பார்த்தவன் நான், சொல்கிறேன்.

சென்னையில் கூட்டம் போட, ஊர்வலம் போக, 1888-ம் வருஷத்து நகரக் காவல் சட்டம் 41-வது பிரிவில் கமிஷனரிடம் அனுமதி வாங்க வேண்டும். எழுதிக் கொடுக்க வேண்டும், ஐந்து நாள் முன்னால். தடை உத்தரவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் என்று ஒதுக்கிய இடத்தில், பாரிகேடுக்கு உள்ளே, சொன்ன மணிக்குள் கோஷம் போட்டுக் கலைந்துவிட வேண்டும். மீறினால் வேன்.

வேன் போகும் இடம் ஜெயில் இல்லை, ஏதாவது ஒரு கல்யாண மண்டபம் அல்லது சமூக நலக் கூடம். மணமேடையில் பழைய அலங்காரத் துணி தொங்கும். பெயர், அப்பா பெயர், விலாசம் எழுதிக்கொள்வார்கள். மத்தியானம் பொட்டலத்தில் சாம்பார் சாதம். காலையில் சட்டையைப் பிடித்து இழுத்த ஏட்டு, "ஊறுகாய் வந்துச்சா தம்பி?" என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். அனுமதி மறுப்பு, மீறல், கைது, விடுதலை எல்லாம் இரண்டு தரப்புக்கும் மனப்பாடம். இதுவும் காந்தி காலத்துச் சொத்துதான். கைதாவது அவமானமில்லை என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்ததால் வந்தது.

இதை வெறும் சடங்கு என்று கேலி செய்யலாம், நானே செய்வேன். ஆனால் சடங்கு என்று ஒன்று இருப்பதால்தான் போலீஸும் பெரும்பாலும் அதற்குள் நிற்கிறது. 2018 தூத்துக்குடியில் அந்த வரம்பு உடைந்தது, 13 பேர் செத்தார்கள். வரம்பின் விலை அப்போது தெரிந்தது.

இன்னொன்று. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்பவர் சத்தியாகிரகிகளுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தண்டோரா போட்டார். சனங்கள் சோற்றை மூட்டை கட்டி வழியில் இருந்த மரங்களில் தொங்கவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் எத்தனை பேர் காங்கிரஸ் மெம்பர்? கமிட்டி, தீர்மானம் எதுவும் இல்லாமல் ஒரு அநியாய உத்தரவைத் தாண்டுவது எப்படி என்று கற்றுக்கொண்டார்கள். எனக்கு அதுதான் மரபு. 17 கோடி ஓட்டுச் சீட்டு அதற்குப் பிறகு.

ஈரோட்டுப் பாதை

நான்கு பக்கமும் காங்கிரஸையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். "விடுதலை இயக்கம்" என்றால் அது ஒன்றுதானா?

1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. பங்கெடுத்து அமைச்சரவை அமைத்தது நீதிக் கட்சி. 1921-ல் மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது சென்னை சட்டமன்றம். சொத்துத் தகுதி இருந்ததால் கொஞ்சம் பெண்களுக்குத்தான், ஆனாலும் முதல். அதே 1921-ல் வகுப்புவாரி அரசாணை. காஞ்சிபுரத்தில் 1925-ல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொண்டுவரவே விடாததால்தான் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார், வைக்கத்தில் சிறை போய்வந்த அடுத்த வருஷம். யாருடைய பிரதிநிதி, எந்த விகிதத்தில் என்ற கேள்வி இல்லாமல் ஜனநாயகம் வெறும் தலை எண்ணிக்கை. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டது "போராடாதவர்கள்" என்று நீங்கள் ஒதுக்கும் தரப்பு.

அடுத்து 1937. ராஜாஜி பிரதமர் (மாகாண முதல்வருக்கு அப்போது அந்தப் பேர்), காங்கிரஸுக்கு 215-ல் 159 இடம். பள்ளியில் கட்டாய இந்தி. எதிர்த்து மறியல் செய்தவர்கள் மேல் எந்தச் சட்டம் பாய்ந்தது? சட்ட மறுப்பு இயக்கத்தை நசுக்க 1932-ல் வெள்ளைக்காரன் கூர்தீட்டிய அதே கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். காங்கிரஸ்காரர்களே "கருப்புச் சட்டம்" என்று திட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது. கைக்குழந்தையோடு ஜெயிலுக்குப் போன பெண்கள் உண்டு. பெரியார் பெல்லாரிச் சிறையில். நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் காவலில் இறந்தார்கள்.

கெஜட் ஐயா, நீங்கள் 1950-ல் தொடங்குகிறீர்கள். பழக்கம் 1938-லேயே வந்துவிட்டது. முழு அதிகாரம்கூட இல்லை, கவர்னர் மேலே உட்கார்ந்திருக்கிறார், அப்போதே.

நாலணா

ஈரோட்டுப் பாதைக்கு ஒரு வார்த்தை: மறியல், ஊர்வலம், சிறை நிரப்பல், எல்லாம் காங்கிரஸ் பட்டறையில் கற்ற ஆயுதங்கள். பெரியாரே அங்கே படித்தவர். அந்த அளவுக்கு மரபு உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

என் வாதம் அமைப்பைப் பற்றி. 1920 நாக்பூரில் காங்கிரஸ் தன் விதிகளையே மாற்றி எழுதியது. நாலணா சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர். மாகாணக் கமிட்டிகள் வெள்ளைக்காரன் எல்லைப்படி இல்லை, மொழிப்படி. அதனால்தான் சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தபோதே தமிழ்நாடு காங்கிரஸ் தனி, ஆந்திரா தனி. கிராமம், தாலுகா, ஜில்லா, மாகாணம் என்று வருஷாவருஷம் உட்கட்சித் தேர்தல், கோஷ்டிச் சண்டை, சமரசம். காமராஜுக்கும் ராஜாஜிக்கும் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அழகான காட்சி இல்லை. ஆனால் தோற்றவன் கட்சிக்குள்ளேயே இருந்து அடுத்த வருஷத்துக்கு ஆள் சேர்க்கிற பழக்கம் அங்கேதான் வந்தது.

பாகிஸ்தானுக்கும் அதே சிவில் சர்வீஸ், அதே தண்டனைச் சட்டம், அதே ராணுவப் பயிற்சி. முஸ்லிம் லீகுக்கு இந்தக் கிளை வேர் கிடையாது, அதிலும் பாகிஸ்தான் அமைந்த பகுதிகளில் அது புதுசு. ஜின்னா 1948-ல் போனார், லியாகத் அலி கான் 1951-ல் சுடப்பட்டார். 1958-ல் ராணுவம். நாடு தழுவிய முதல் நேரடிப் பொதுத் தேர்தல் 1970-ல்தான். நேருவுக்குக் கிடைத்த 17 வருஷம் அதிர்ஷ்டம், மறுக்கவில்லை. அதிர்ஷ்டம் மட்டும் என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

மணல்மேடு

நாலணா, சென்னையில் அந்த வேர் 1952-லேயே ஆட்டம் கண்டது. 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூடிவிட்டன. கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த முதல் தேர்தலில், இந்த மாநிலத்தின் முதல் முதல்வர் ஒரு ஓட்டும் வாங்காதவர். கவர்னர் மாளிகை விளையாட்டுக்கும் பிள்ளையார் சுழி இங்கேதான்.

பொட்டல்காடு

படித்துக்கொண்டே வந்தேன். ஊராட்சி பற்றி ஒருவரும் பேசவில்லை.

கிராம சுயராஜ்யம் என்று காந்தியவாதிகள் மன்றாடியதால் 40-வது உறுப்பு வந்தது. கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையின் குட்டை என்று அம்பேத்கர் 1948-லேயே சொல்லியிருந்தார். 1992-ல் ஊராட்சிகளுக்கான 73-வது அரசியல் சட்டத் திருத்தம், 1996-ல் தமிழ்நாட்டில் தேர்தல், சுழற்சி முறையில் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு. அப்புறம் என்ன? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். பத்து வருஷம் அங்கே ஊராட்சித் தலைவர் இல்லை. ஒன்று, யாரையும் நிற்க விடவில்லை. அல்லது ஊர்க்காரர்களே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் வாங்கினார்கள். 2006-ல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மேலவளவில் ராஜினாமா செய்யாமல் தலைவராக இருந்த முருகேசனை 1997-ல் கூட இருந்தவர்களோடு சேர்த்து வெட்டினார்கள்.

அந்த ராஜினாமாக் கடிதத்தை யோசித்துப் பாருங்கள். வேட்புமனு, ஓட்டு, எண்ணிக்கை, சான்றிதழ், எல்லாம் விதிப்படி. எழுதிக் கொடுத்த கையும் அவருடையதுதான். சட்டப்படி குற்றம் கண்டுபிடிக்க முடியாது. டெல்லியிலிருந்து பார்த்தால் ஜனநாயகம் வேலை செய்கிறது. வெள்ளைக்காரனை எதிர்த்த போராட்டம் இதைத் தொடவே இல்லை. தொட்டவர்களை அது பக்கவாட்டில்தான் வைத்திருந்தது. 1932-ல் பூனாவில் காந்தி உண்ணாவிரதம் இருந்து, தனி வாக்காளர் தொகுதி கேட்ட அம்பேத்கரைப் பணியவைத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

சேப்பாக்கம் வெயில்

பொட்டல்காடு தோழர், பூனாவைப் பற்றிச் சொன்னதில் உடன்படுகிறேன். உண்ணாவிரதம் என்ற ஆயுதம் எப்போதுமே இரண்டு பக்கமும் வெட்டியது. மயிலாப்பூரில் 1952-ல் பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திராவுக்காக உயிரைவிட்டார், அடுத்த வருஷம் மாநிலம் கிடைத்தது. விருதுநகரில் 1956-ல் சங்கரலிங்கனார் 76 நாள் கிடந்து இறந்தார், "தமிழ்நாடு" என்ற பெயர் 1969-ல்தான். இருவரும் காந்தி கட்சிக்காரர்கள், எதிரே இருந்ததும் காந்தி கட்சி அரசு. பழைய தொண்டனின் பட்டினிக்கே இந்தக் கதி என்றால் மற்றவன் பட்டினியை யார் எண்ணினார்கள்?

குறுக்குக்கேள்வி

அதைத்தான் நானும் சொல்கிறேன். செத்தால்தான் காது கேட்கும் என்று அரசுக்கும் மக்களுக்கும் பழக்கிவிட்டது அந்த மரபு. மனுக் கொடுத்தவன் முட்டாளாகிறான்.

செக்கடி

1967-ஐ விட்டுட்டீயளே. ஒன்பது வருசம் ஜெயில்ல கிடந்தவரு, சத்துணவுக்கு முன்னோடியா மதியச் சோறு போட்டவரு, விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவருகிட்ட 1,285 ஓட்டுல தோத்தாரு. 1965 இந்தி எதிர்ப்புல வந்த பையன் அவன். காமராஜரு கோர்ட்டுக்குப் போகல, ஆளைக் கூட்டல. மக்கள் தீர்ப்புன்னு போயிட்டாரு. எனக்கு இதுதான் பெரிய விசயமாத் தெரியுது. சண்டை போட்டு நாட்டை வாங்குனவன் "நாட்டை வாங்குனதே நான்தான்"னு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கல. எத்தனை நாட்டுல அப்படிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க.

பழைய கெஜட்

செக்கடி, முழுச் சம்மதம். நான் 1950-ல் தொடங்கியதால் இதைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் 1967-ல் வந்தவர்களும் சிறையிலிருந்து வந்தவர்கள்தான். 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டதும் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் உள்ளே போனார்கள், சென்னைச் சிறையில் அடிபட்டுச் செத்தவர் உண்டு. தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கள்ளச்சாராயக்காரனுக்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமல் வைக்கலாம். பின்னால் வந்த திமுகவும் அதை எடுக்கவில்லை, வகை வகையாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள் எல்லோரும். 2017-ல் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி மேல்கூட "குண்டாஸ்" போட்டார்கள், பிறகு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சி மாறினாலும் அலமாரிச் சாவி மாறவில்லை.

"சரி, என்ன செய்யலாம்?" என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். 1978-ல் ஜனதா அரசு 44-வது திருத்தம் கொண்டுவந்தது. கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் மிசாவிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள், மொரார்ஜி உட்பட. சுதந்திரப் போராட்டச் சிறையும் நெருக்கடிநிலைச் சிறையும் பார்த்தவர்கள். அந்தத் திருத்தத்தின் 3-வது பிரிவு தடுப்புக் காவலை ஓரளவு கட்டியது: ஆலோசனைக் குழுமத்தைக் கேட்காமல் மூன்று மாதம் வைக்கலாம் என்பது இரண்டு மாதமாகும், குழுமத்தில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைக்கும் நீதிபதிகள் இருப்பார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்பதை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். மற்ற பிரிவுகளுக்கு அறிவித்தார்கள். 3-வது பிரிவுக்கு ஜனதா அரசே அறிவிக்காமல் கவிழ்ந்தது. 1980-ல் இந்திரா திரும்பி வந்து தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். ஏ.கே. ராய் வழக்கில், தேதி குறி என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் எத்தனை பிரதமர்கள், எத்தனை கூட்டணிகள்.

சட்டம் புதிதாக எழுத வேண்டாம், ஓட்டெடுப்பு வேண்டாம். அரசிதழில் ஒரு வரி போதும். அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள்.

ஈரோட்டுப் பாதை

கேட்கிறேன். அந்த அலமாரிச் சாவி வரிக்கு மட்டும், எங்கள் கட்சி பெயரையும் சேர்த்து எழுதியதற்கு, நாளைக்குத் தனியாகச் சண்டை இருக்கிறது.